எண்பத்திரண்டு டெசிபல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை ஏமாற்ற பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். "மேடம்" என்று கூப்பிட்டு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டால் போதும். நான் அப்படித்தான் ஏமாந்தேன். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்து, ஊரப்பாக்கத்தில் ஒரு பரிசோதனை நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். சத்தம் அளக்கும் மீட்டரோடு முதன்முறையாகத் தனியாக அனுப்பினார்கள். திருப்போரூர் தாண்டி, தகடு வெட்டும் பிரஸ் ஷாப். மேனேஜர் வாசலுக்கே வந்து வரவேற்றார். டீ, இரண்டு போண்டா. (மூன்றாவதும் சாப்பிட்டேன்.)

உள்ளே எட்டு பிரஸ். சின்னவை மூன்று ஓடின. பெரியவை ஐந்தும் நின்றன. இன்று ஆர்டர் குறைவு என்றார் மேனேஜர். தலையாட்டினேன். மீட்டர் எண்பத்திரண்டு காட்டியது. சட்டம் அனுமதிப்பது தொண்ணூறு. நானே சத்தத்தைக் குறைத்துவிட்ட மாதிரி ஒரு பெருமிதம். அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, யாரும் கேட்காமலே தொழிலாளிகளைக் கூட்டி, காதைப் பேணுவது பற்றிப் பத்து நிமிடம் பிரசங்கமும் செய்தேன்.

முன்வரிசையில் தேவகி அக்கா. பதினாறு வருடமாகப் பெரிய பிரஸ் ஓட்டுகிறவர். "காது நல்லா கேக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பசங்கமா. பெரியவன் காலேஜ் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து தடார் தடார் என்று ஒரு சத்தம். காலடியில் தரை அதிர்ந்தது. ஐந்து பெரிய பிரஸும் ஓட ஆரம்பித்திருந்தன.

குடையை மறந்துவிட்டேன் என்று வாட்ச்மேனிடம் பொய் சொல்லி உள்ளே ஓடினேன். மீட்டர் தொண்ணூற்றேழு. ஒருவர் காதிலும் எதுவும் இல்லை. ஒரு பஞ்சுகூட இல்லை. தேவகி அக்கா என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, கையைப் பிடித்துப் பின்பக்கக் குழாயடிக்கு இழுத்துப் போனார்.

"என் காது போயி நாலு வருஷம் ஆவுது. வாயப் பாத்துத்தான் பேசிகினு கீறேன்" என்றார் உரக்க. "உனுக்குத்தான் காது, கண்ணு எல்லாம் நல்லா கீதே. அஞ்சு மிஷின் சும்மா நின்னுகினு இருந்துச்சே, ஏன்னு கேக்கத் தோணலயா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என் மேல் வந்த கோபத்தை மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனேன். கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் கேட்டேன். அது ஹெட் ஆபீஸ் போய்விட்டது என்றார். அவர் முழங்கைக்குக் கீழேயே கிடந்தது. பிடித்து இழுத்தேன், அவரும் இழுத்தார். பாதித் தாள் என் கையில், மேஜையிலிருந்த டீ முழுக்க என் சுடிதாரில். நியாயத்துக்காகப் போராடுகிறவள் கம்பீரமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். வாட்ச்மேன் என்னை வெளியே கொண்டுவிட்டபோது டீ சொட்டிக்கொண்டிருந்தது.

முதல் அளவையே அனுப்பு என்றார் என் முதலாளி போனில். முடியாது என்றேன். மறுநாளே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். இரண்டு அளவுகளையும், நடந்ததையும் எழுதித் தொழிற்சாலை ஆய்வாளருக்கு நானே அனுப்பினேன். பல மாதம் கழித்துச் சோதனை நடந்தது. எல்லோருக்கும் காதுக் கவசம் வந்தது. பெரிய பிரஸ்களைச் சுற்றித் தடுப்பு வந்தது. தேவகி அக்காவுக்குக் காது மட்டும் திரும்பி வரவில்லை. உள்ளே செத்த நரம்பு எந்த உத்தரவுக்கும் உயிர்த்து வராது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரி வாழ்கிறது. எனக்கு வரன் பார்த்தபோது செங்கல்பட்டில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அங்கே அப்படி ஒரு மரியாதை, அப்படி ஒரு அமைதி. வெளியே வந்ததும் அப்பா கேட்டருகே நின்றுவிட்டார்.

"பத்து நிமிஷம் இருங்க. நாம போயிட்டோம்னு நெனச்சதும் பெரிய மிஷினெல்லாம் போடுவாங்க."

இன்றும் உறவுக்காரர் கூடினால் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். வழியனுப்ப வந்த சம்பந்தி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை மட்டும் சொல்வதில்லை.