தேஹாய் மகளுக்கு வெயில் காட்டிய நாள்

தன் பிள்ளை தன்னைப் போல வெயிலில் வறுபடக் கூடாது என்று தேஹாய் தீர்மானம் செய்து இருபது வருஷமாகிறது. மகள் யூஹானுக்கு வயது பதினெட்டுதான். தீர்மானம் அவளைவிட இரண்டு வயது மூத்தது.

தைவானில் ஹுவாலியன் மலையில் பாலம் கட்டும் பொறியாளர் அவர். ஒன்றை நிலநடுக்கம் உடைக்கும், இன்னொன்றை வெள்ளம் கொண்டுபோகும். அவர் திரும்பத் திரும்பக் கட்டுவார்.

"பயோமெடிக்கல் படிச்சா ஊர் உடம்பு தேறும். சிவில் படிச்சா நம்ம உடம்பு தேயும்" என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் பாடுவார். சிவில் ஆசையில் இருந்த யூஹான் தன் பாட்டுக்குச் சூப் குடிப்பாள். கல்லூரி விருப்பப் பட்டியல் அனுப்ப சனிக்கிழமை கடைசி நாள். வெள்ளிக்கிழமை காலை அவருக்கு அபாரமான யோசனை ஒன்று உதித்தது. மனைவி லிச்சூவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னிக்கு அவளை சைட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். உச்சி வெயில்ல ஒரு மணி நேரம் நின்னா போதும், சிவில் ஆசையே விட்டுப் போயிடும்."

"ஒரு மணி நேரம் எதுக்குங்க? சாயந்திரம் வரைக்கும் நிக்கட்டும்."

"கறுத்துடுவாளேடி."

"கறுத்தாத்தான் புத்தி வரும்" என்று இரண்டு பேருக்கும் பன்றிக்கறிச் சாதம் கட்டிக் கொடுத்தாள்.

கல்யாணமான நாள் முதல் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதில்லை. அவர் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் யூஹான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவுல என்னப்பா அது, மெத்தை மாதிரி?"

"ரப்பர்மா. பூமி குலுங்கினா பாலம் முறைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. கூடவே ஆடிக் கொடுக்கணும்."

"அம்மாகிட்ட நீங்க இருக்கிற மாதிரி."

"அதேதான்."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. வெயிலையும் மறந்தார், வந்த காரியத்தையும் மறந்தார். அந்தப் பக்கமாக வந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் அவரைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி இறங்கினார்.

"சாரோட பொண்ணா? எட்டு வருஷம் முன்னாடி வந்த வெள்ளத்துல இங்க இருந்த பாலம் போயிடுச்சும்மா. உங்கப்பா ஆத்துல பெரிய பெரிய சிமெண்ட் குழாயை அடுக்கி, மேல மண்ணைக் கொட்டி, ஒன்பது நாள்ல வழி போட்டாரு. முதல்ல தாண்டினது என் வண்டி. உள்ள ஒரு பிரசவ கேஸ்."

"என்ன குழந்தை பொறந்தது?"

"பொண்ணு. இப்போ மூணாங்கிளாஸ்."

யூஹான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "வீட்டுல சொல்லவே இல்லையேப்பா."

தேஹாய் தலைக்கவசத்தைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க வேண்டியது கண்ணை.

சாயந்திரம் வீடு திரும்பியதும் நேராகச் சமையலறைக்குப் போனார்.

"லிச்சூ, அவ கண்ணைப் பார்த்தேன். தடுக்க எனக்கு மனசு வரலை. பட்டியல்ல சிவிலையே முதல்ல போடச் சொல்லு."

"போட்டுத் திங்கட்கிழமையே அனுப்பிட்டா" என்றாள் லிச்சூ. "உங்களுக்கு இந்த யோசனை தானா வரட்டும்னுதான் நாலு நாளா காத்துக்கிட்டிருந்தோம்."