கழுதைக்குச் சிறப்பு ழகரம்

இன்று என் மனைவியைத் திட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இதுதான் முதல் முறை. இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் பயம் இல்லை, சட்டம். அவள் போக்குவரத்துப் போலீசில் ஏட்டு. பணியில் இருக்கும் போலீசைத் தகாத வார்த்தை சொல்லித் திட்டினால் வழக்கு. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சட்டப் புத்தகத்தையே திருத்தியிருக்கிறேன். சீருடையைக் கழற்றிவிட்டால் அவள் வெறும் மனைவி. தாராளமாகத் திட்டலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாண நாள். "இந்த வருஷம் கண்டிப்பா லீவு" என்றவள், இன்று மத்தியானம் போன் செய்து, "அன்னைக்கும் டியூட்டி போட்டுட்டாங்க" என்றாள். தொடர்ந்து மூன்றாவது வருஷம்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் அச்சகத்தில் சிரிப்பார்களே என்று கோபப்பட்டேன்.

சாயங்காலம் வந்தவள், பெல்ட்டைக்கூடத் தளர்த்தாமல் மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

"டிரஸ் மாத்தலையா?" என்றேன் ஆவலாக.

"புகார் எழுதணுங்க. சிக்னல்ல ஒருத்தன் திட்டிட்டான். அவன் சொன்ன வார்த்தைய அப்படியே எழுதணுமாம். என் கையாலயே." கண் கலங்கியிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. பதினொரு வருஷமாக நானே பொறுமையாகக் காத்திருக்கிறேன், குறுக்கே புகுந்தவன் எவன்?

"என்ன சொன்னான்?"

"கழுதைன்னு. கழுதைக்கு எந்த 'ல'ங்க?"

"சிறப்பு ழகரம்."

"கழுதைக்குமா சிறப்பு?"

சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்தது. என் கோபம் அங்கேயே பாதி போய்விட்டது.

எழுதி முடித்து நீட்டினாள். "பிழை இருக்கான்னு சத்தமா ஒரு தடவை படிங்க."

தொழில் பக்தி சும்மா விடுமா? எழுந்து நின்று படித்தேன். "அறிவு கெட்ட கழுதையே! உனக்கெல்லாம் எவன் யூனிஃபார்ம் குடுத்தான்?" கொஞ்சம் அழுத்தமாகவே வந்துவிட்டது.

அவள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "மணி என்ன?"

"அஞ்சே முக்கால்."

"எனக்கு ஆறு வரைக்கும் டியூட்டி."

"அடிப்பாவி! நீதானே படிக்கச் சொன்ன?"

"அந்த 'அடிப்பாவி'யையும் சேர்த்துக்கவா?"

சட்டம் தெரிந்தவன் வாதாட மாட்டான். "என்ன தண்டனை?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை முழுக்க என் சிக்னல்ல, குடைக்குக் கீழ. ரெண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிட்டு வாங்க. கல்யாண நாளும் அதுவுமா என்னைத் தனியா நிக்க விட்டுடாதீங்க."

பேனாவை வாங்கி அவள் புகாருக்குக் கீழேயே குனிந்தேன். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

கழுதைக்கு எந்த 'ல' என்று கேட்டவள், கண்ணீரில் நான் 'ஒப்புக்கொல்கிறேன்' என்று பிழையாகப் போட்டிருந்த 'ல்'லை அடித்துவிட்டு, அழகாக 'ள்' போட்டாள்.