திறப்பு விழாவுக்கு நான் கூட்டி வந்த சுப்ரமணியம்

ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், நாம் சொல்வதையெல்லாம் ரசித்துக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வது ஒரு வியாதி. இருபத்தாறு வயதில் எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

அப்போது நான் பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மருத்துவமனைக்குள்ளேயே புற்றுநோய் மையம் ஒன்று கட்டி முடித்திருந்தார்கள். மேல் மாடியில் ஆய்வுக்கூடம், கீழே நோயாளிகளுக்கான சிகிச்சைப் பிரிவு. திறந்து வைக்க அமைச்சர் வருகிறார். அவர் மட்டும் ரிப்பன் வெட்டக் கூடாது, குணமான நோயாளி ஒருவரும் கூட நின்று வெட்ட வேண்டும் என்பது மையத்தின் தலைவி டாக்டர் மீனலோசனியின் பிடிவாதம். அவர் தேர்ந்தெடுத்தவர் காப்பாரைச் சேர்ந்த சுப்ரமணியம். தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்.

"பத்திரமா கூட்டிட்டு வந்துடு. தொண்டையில ஆப்பரேஷன் பண்ணவரு, ரொம்பப் பேச வைக்காத," என்றார் டாக்டர். (என்னைப் பேசாதே என்று சொல்லியிருக்க வேண்டும்.)

காப்பாரில் கைப்பேசி வழிகாட்டி என்னை ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு கடைக்காரம்மாவிடம் கேட்டேன்.

"சுப்ரமணியம் அங்கிள் வீடு எது அக்கா? ஆஸ்பத்திரிக்குப் போறவரு."

"அதோ, பச்சை கேட்டு. நேத்துதான் கிள்ளான்ல ரத்தம் எடுத்துட்டு வந்தாரு."

பச்சை கேட்டுக்குள் ஒருவர் வேட்டி பனியனோடு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"சுப்ரமணியம் அங்கிள்தானே? ஆஸ்பத்திரியிலேருந்து வரேன். டாக்டர் உங்கள உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

தண்ணீர்க் குழாய் கையிலிருந்து நழுவியது. "காரே அனுப்பிட்டாங்களா?" என்றார். குரல் கரகரத்தது. ஆப்பரேஷன்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்க பேசாதீங்க அங்கிள். பேசக் கூடாது."

மனைவி காய்கறி வாங்க பாசாருக்குப் போயிருக்கிறாள், சொல்லிவிட்டு வரட்டுமா என்று தயங்கினார். "நேரமில்ல அங்கிள், அப்புறம் சொல்லிக்கலாம்," என்று கொடியில் கிடந்த சட்டையை மாட்டச் சொல்லி, முன் இருக்கையில் உட்கார வைத்து, பாதுகாப்பு வாரை மாட்டிவிட்டேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனங்கள் நகரவே இல்லை. அவர் வேட்டியின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே வந்தார். மேடை பயம் போலிருக்கிறது என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன்.

"பயப்படாதீங்க அங்கிள். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்காக எல்லாரும் காத்திருக்காங்க. மினிஸ்டரே வராரு. பெரிய மாலையா ஆர்டர் பண்ணியிருக்கோம்."

"மாலையா?"

"ரோஜா மாலை அங்கிள். உங்க குடும்பத்தையும் கூப்பிட்டிருக்கலாம், இடம் பத்தல."

ஷா ஆலம் தாண்டும்வரை அவர் கைகூப்பி எதையோ வேண்டிக்கொண்டே வந்தார். வாசலில் இறங்கியதும் மையத்தின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி… கான்சரா?"

"ஆமா அங்கிள், வேற என்ன?" என்று சிரித்தேன். (இந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.)

யாரோ வந்து அவரை மேடைக்கு அழைத்துப் போனார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. அப்போதுதான் மௌனத்தில் போட்டிருந்த கைப்பேசியை எடுத்தேன். தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. கடைசியில் காப்பாரிலிருந்து ஒரு செய்தி: "தம்பி, கார் எங்கே? அங்கிள் விழாவுக்குன்னு பாத்தேக் சட்டை போட்டுக்கிட்டு காலையிலேருந்து வாசல்லயே நிக்கிறாரு."

மேடையைப் பார்த்தேன். என் சுப்ரமணியம் வேட்டியில் இருந்தார். அமைச்சரோடு வந்த டாக்டர் மீனலோசனி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று ஆட்களை விலக்கிக்கொண்டு நகர்ந்தேன். அதற்குள் ரிப்பன் வெட்டப்பட்டு, எல்லோரும் கைதட்டி, அறிவிப்பாளர் அவரிடம் ஒலிவாங்கியை நீட்டிவிட்டார்.

"எனக்குக் கான்சர்னு இப்பதான் தெரியும்," என்றார் அவர். "என்னைக் கூட்டிட்டு வந்த தம்பிதான் சொன்னாரு. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. பொஞ்சாதிகிட்ட சொல்லிட்டு வரல. வழி நெடுக தம்பி என்னென்னமோ பேசினாரு. பயமா இருக்கான்னு மட்டும் கேக்கல."

டாக்டர் அவரை மேடையிலேயே நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், உங்களுக்குக் கான்சர்னு யாரும் சொல்லல. இவன் ஆள மாத்திக் கூட்டிட்டு வந்துட்டான்."

"அப்ப நான் சாவ மாட்டேனா?"

"இன்னிக்கி மாட்டீங்க."

ஒலிவாங்கி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. முதல் வரிசையில் இருந்த நோயாளிகளில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் மலாய் மொழியில் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னல் தொப்பி போட்ட சீனப் பெண்மணி ஒருவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததும் அவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். உதவியாளர் காதில் கிசுகிசுத்த பிறகு கடைசியாக அமைச்சர் சிரித்தார். சுப்ரமணியம் மட்டும் குழந்தை மாதிரி அழுதார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

டாக்டரே அவர் ரத்தம் கொடுத்திருந்த கிள்ளான் கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை, கொஞ்சம் கூடுதல், வேறொன்றும் இல்லை. அசல் சுப்ரமணியம் இன்னொரு காரில் வந்து சேர்ந்தபோது அமைச்சர் கிளம்பிவிட்டார், சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வெட்டிய ரிப்பனைத் தாதி ஒருவர் முடிச்சுப் போட்டுக் கட்டினார். ஒரு முனையை என்னுடைய சுப்ரமணியம் பிடித்துக்கொள்ள, அசல் சுப்ரமணியம் வெட்டினார். அந்தக் கைதட்டல் முதலில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது.

என் சுப்ரமணியத்தை வீட்டில் விடத் திரும்பும் வழியில் நான் வாயைத் திறக்கவில்லை. கிள்ளானில் ஒரு கடையில் நிறுத்தச் சொன்னார். "தே ஓ கோசோங், பாஸ். சீனி வேணாம்," என்று கடைக்காரரிடம் வெறுந்தேநீருக்குச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி பேசாம இருக்கீங்க? தொண்டையில ஆப்பரேஷனா?"

பச்சை கேட்டில் அவர் மனைவி காத்திருந்தார். அன்று அவரிடம் நான் வாங்கியதை எழுதினால் அச்சில் வராது.

என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஆனால் மறுவாரத்திலிருந்து அந்த மையத்தில் யாரை அழைத்தாலும் முதலில் முழுப் பெயர் கேட்க வேண்டும், அடுத்து "எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுமா, பயமா இருக்கா?" என்று கேட்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். இன்றும் கேட்கிறார்கள். புதிதாகச் சேரும் தாதிகளுக்கு இதன் காரணத்தைச் சொல்லும்போது என் பெயரையும் சொல்லிவிடுகிறார்களாம்.

கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கதை என் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது. எங்கள் மகள் பிறந்த அன்று, தாதி துணியில் சுற்றிய குழந்தையோடு வெளியே வந்து என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள், உள்ளே படுத்திருந்தவளின் குரல் கதவு வழியாக வந்தது.

"சிஸ்டர், அவர்கிட்ட குடுக்காதீங்க! எங்கப்பா வரட்டும்."