முற்றுப்புள்ளி வைத்த பொய்

இனிமேல் பொய்யையும் சுருக்கமாகத்தான் சொல்வது என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார்.

காரணம் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்கிற மனுஷனுக்கு, வீட்டம்மா கண்ணில் மண்ணைத் தூவ மட்டும் வரவே இல்லை. போன வாரம், ‘இன்று கடையில் கணக்கு முடிக்க வேண்டியிருப்பதால் வருவதற்குத் தாமதமாகும்.’ என்று போனில் அனுப்பிவிட்டுப் பூட்டுக்காரர் கடைக்குக் கேரம் ஆடப் போனார். திரும்பி வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“கேரம்ல ஜெயிச்சீங்களா?”

“யார் சொன்னது?”

“நீங்கதான். உண்மைன்னா உங்க விரலுக்கு அப்படி ஒரு சோம்பல். வரேன்னா ‘வ’, சாப்பிட்டேன்னா ‘சா’. பொய்னா மட்டும் முழு வாக்கியம். கடைசியில முற்றுப்புள்ளி வேற!”

அடடா, தன் வாயாலேயே சூட்சுமத்தைக் கொட்டிவிட்டாளே! அவருக்கு உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை பரீட்சை வந்தது. வீட்டம்மாவின் அண்ணன் வீடு மாற்றுகிறார். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ உண்டு. கண்ணாடிக்காரருக்கு இருப்பதோ ஒரே இடுப்பு. கடையைச் சாத்தும்போதே தட்டினார்: ‘லே வே’.

லேட், வேலை. இரண்டே எழுத்து, புள்ளி கிள்ளி எதுவும் இல்லை. உடனே பதில் வந்தது: ‘ம்’.

அவளுடைய ‘ம்’ இருக்கிறதே, சாப்பிட வாங்க என்றாலும் அதுதான், சண்டைக்கு வாங்க என்றாலும் அதுதான். இது நல்ல ‘ம்’தான் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். கண்ணில் மண் தூவியாச்சு, இனி பலகையில் பவுடர் தூவ வேண்டியதுதான் என்று பூட்டுக்காரர் கடைக்கு நடையைக் கட்டினார்.

சிவப்புக் காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது பலகைமேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டம்மாவின் அண்ணன் நிற்கிறார்.

“வாங்க மாப்பிள்ளை. பீரோ உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு.”

பீரோவின் கனமான பக்கம் யாருக்கு வந்தது என்று சொல்லவும் வேண்டுமா? இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது. ஒரே ஒரு தலையணையோடு பின்னால் ஏறிவந்த மனைவியிடம் பரிதாபமாகக் கேட்டார்.

“சுருக்கமாத்தானே அனுப்பினேன்? எப்படிக் கண்டுபிடிச்சே?”

“நிஜமாவே வேலை இருந்தா நீங்க என்னைக்குங்க சொல்லியிருக்கீங்க? பேசாம லேட்டாத்தானே வருவீங்க!”