பிரஷ்ஷைப் பிடித்த மோகினி

மும்பை செம்பூரில் எங்கள் கோகுல் தர்ஷன் சொசைட்டி வாசலில் தொடங்கிய வரிசை, அந்த ஞாயிற்றுக்கிழமை ரோடு வரைக்கும் போய்விட்டது. முலுண்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து டாக்சியில் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சிவப்புத் துணியில் சுற்றிய வட்டமான ஒரு பொருள். தாய்மார்கள் அதை மார்போடு அணைத்திருந்தார்கள். தகப்பன்மார்கள் "மெதுவா, மெதுவா, இடிக்காதீங்க" என்று பதறினார்கள். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மந்திரிக்க வந்த கூட்டம் என்று நீங்கள் நினைத்தால், மனிதர்கள் மேல் உங்களுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று பொருள். துணிக்குள் இருந்தது வீடு கூட்டும் ரோபோ மெஷின்.

ஆமாம் ஐயா, மெஷின்! தட்டு மாதிரி இருக்குமே, தரையில் தானாக ஊர்ந்து போய்க் குப்பையை வாருமே, அதேதான். அதற்குப் பேய் பிடித்துவிட்டதாம். ஓட்ட வந்திருக்கிறார்கள். வரிசையில் இன்ஜினீயர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினேன். வெட்கமாக இருந்ததால் பாதியில் நிறுத்திவிட்டேன்.

நான் இதே சொசைட்டியில் ஐந்தாம் மாடிக்காரன். என் வீட்டில் இருப்பது துடைப்பம். இதுவரை அதை எதுவும் பிடித்ததில்லை.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடத்தை இடித்து டவர் கட்டிக் குடிவந்ததும், எங்கள் ஜனங்களுக்குத் திடீரென்று குனிய முடியாமல் போயிற்று. தீபாவளித் தள்ளுபடியில் வீட்டுக்கு வீடு ரோபோ வந்து இறங்கியது. வந்ததும் என்ன செய்வார்கள்? பொட்டு வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். முதல் ஓட்டத்துக்கு முன் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்து, ஏறி நசுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். மெஷின் பழத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அந்த வீடுகளில் அதற்கு ஒன்றுக்குத்தான் அறிவு இருந்தது.

முதலில் நின்றது மூன்றாம் மாடி மாலதியின் மெஷின். மாலதி பேங்க் ஆபீசர். கடன் கேட்டு வருகிறவனிடம் ஆயிரம் கேள்வி கேட்பவர். மெஷின் வண்டி மாதிரி ஊர்ந்து போனது, ஆனால் அடியில் இருக்கிற பிரஷ் சுற்றவில்லை. பிரஷ் நின்றால் என்ன செய்வது என்று பெட்டிக்குள் படம் போட்ட புத்தகமே இருந்தது. படிப்பதாக இருந்தால்தானே?

"இயந்திர சித்தர் ஒருத்தர் இருக்காராம், ஏக்தம் பவர்ஃபுல்லாம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டார்கள். வந்து சேர்ந்தார் வானமாமலைச் சித்தர். காவி வேட்டி, காவித் துண்டு. கழுத்தில் ருத்திராட்ச மாலை, மாலையின் நடுவில் பளபளவென்று ஒரு பால்பேரிங். இயந்திர சித்தர் இல்லையா!

அவருடைய முறை இதுதான். மெஷினைச் சிவப்புத் துணியில் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். துணியும் அவரே விற்பார். யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் மோகினி பிரித்தவர் மேல் ஏறிக்கொள்வாள். துணி மேல் எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணை மூடி, உடுக்கை அடித்து, எல்லோர் முன்னாலும் குறி சொல்வார். பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு பெட்ஷீட் கட்டிய மறைப்புக்குப் பின்னால் போவார். கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு கொத்து முடியோடு வெளியே வருவார். மெஷினைத் தரையில் விட்டால் பிரஷ் கிர்ரென்று சுற்றும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"யார் முடி சாமி இது?" என்று மாலதி கேட்டார்.

"தினமும் உன் வாசப்படி மிதிக்கிறவ. தொடப்பம் புடிச்ச கை. மெஷின் வந்ததும் வயிறு எரிஞ்சவ."

மாலதிக்கு இடுப்பு வரை கூந்தல். மும்பைத் தண்ணீரில் அது கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வயது வந்த இரண்டு பெண்கள் வேறு. ஹாலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துதான் தலை வாருவார்கள். அந்த வீட்டுத் தரையில் கிடந்த முடி வேலைக்கு வரும் பேராச்சியின் முடியாம்! அந்த அம்மாள் கொண்டை கலைந்து நான் பார்த்ததே இல்லை.

பேராச்சி தாராவியிலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் கட்டடத்தில் ஆறு வீட்டில் ஜாடு போச்சா, அதாவது கூட்டித் துடைக்கிற வேலை, செய்கிறவர். நாங்கள் பழைய கட்டடத்தில் இருந்தபோதிருந்து வருகிறார். மெஷின் வந்ததால் வேலை போய்விடுமோ என்று செய்வினை வைத்துவிட்டாராம். செக்ரட்டரி வெங்கடேஷ் யோசிக்கவே இல்லை. மொபைலை எடுத்தார், ஒரு தட்டுத் தட்டினார், பேராச்சியின் கேட் பாஸை நிறுத்தினார்.

மறுநாள் காலை வாட்ச்மேன் சாய்நாத் கேட்டில் கையை விரித்தான். "பாஸ் பந்த் ஹை, மவுசி."

"ஏன்? நான் என்ன செஞ்சேன்?" என்றார் பேராச்சி. சாய்நாத் ரிஜிஸ்டரைப் புரட்டினான். மேலே பால்கனியில் நின்ற ஒரு அம்மாள் சொல்லிவிட்டார்: "சூனியம்."

இதோடு முடிந்திருந்தால் சித்தருக்குப் பிழைப்பு ஏது? ஓட்டிய பேய் திரும்பி வராமல் இருக்க, மெஷினின் இடுப்பில் ஒரு காப்புக் கயிறு கட்டினார். சிவப்பும் கறுப்பும் முறுக்கிய கயிறு. நுனியில் சின்னச் செம்புத் தாயத்து. கயிற்றின் வால் தரையில் புரள வேண்டும், அப்போதுதான் பூமியின் சக்தி ஏறும் என்றார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்களுக்கும் முன்ஜாக்கிரதையாகக் கட்டிக்கொண்டார்கள். சில வாரங்களில், என்ன ஆச்சரியம், கயிறு கட்டிய வீடுகளில் எல்லாம் பிரஷ் நின்றது. கயிற்றையும் காணோம்! பேய் அறுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

"தாராவியில உக்காந்து பெரிய பூஜை போடுறா" என்றார் சித்தர். "அவளே வந்து உக்காரணும். அவ முடியில ஒரு கைப்பிடி வெட்டி, எல்லார் முன்னாலயும் எரிக்கணும். அப்பத்தான் தீரும்."

வெங்கடேஷ் பேராச்சிக்குப் போன் போட்டார். வந்து உட்கார்ந்தால் பாஸ் திரும்பக் கிடைக்கும் என்றார். பேராச்சி சரி என்றுவிட்டார்.

இதைக் கேட்டுக் கொதித்தவள் ஒருத்திதான். ஏழாம் மாடி கோகிலவாணி, குர்லா ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர். பர்ஸ் திருடு போச்சு, பாஸ் வீட்டில் இருக்கு, மாமனார் ஆஸ்பத்திரியில் இருக்கார் என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப் போனவள். யார் என்ன சொன்னாலும் "டிக்கெட்டக் காட்டுங்க" என்பாள். அவள் வீட்டிலும் பேராச்சிதான் வேலை. ஆனால் அவள் புருஷன் நாகராஜ் சித்தரின் முதல் வரிசை பக்தன். நன்றாக ஓடிய மெஷினுக்குக் கயிறு கட்டி வாங்கிவந்து அதையும் நிறுத்தியிருந்தான்.

கோகிலவாணி பேராச்சிக்குப் போன் போட்டாள். "எதுக்குக்கா ஒத்துக்கிட்டீங்க?"

"முடிதான தாயி, வளந்துரும். ஆறு வீட்டு வேல போச்சுன்னா நான் எங்க போவேன்? எங்க லைன் வீடுக வரைக்கும் பேச்சு வந்துட்டு. நான் நடந்து வந்தா பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையத் தூக்கிட்டு உள்ள ஓடுதா. அதத்தான் தாங்க முடியல."

"நீங்க வச்சீங்களா?"

"மந்திரம் தெரிஞ்சா, இந்த முட்டு வலியோட நான் ஏன் ஒங்க வீட்டத் தொடைக்கேன்?"

இந்தக் கேள்வி படித்த ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். அந்த ஞாயிறு காலை நாகராஜ் குளிக்கப் போனதும், கோகிலவாணி சிவப்புத் துணியைப் பிரித்து மெஷினைக் குப்புறப் போட்டாள். மோகினி யாரும் ஏறவில்லை. அவள் என்ன பார்த்தாள், என்ன செய்தாள் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். பழையபடி துணியைச் சுற்றி வைத்துவிட்டாள்.

சொசைட்டி ஹாலில் மைக், மாலை, ஊதுபத்திப் புகை. நடுவில் ஒரு மணைப் பலகையில் பேராச்சி கொண்டையை அவிழ்த்துவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தட்டில் புதுக் கத்தரிக்கோல். சூனியக்காரி இவர்தான் என்று வெங்கடேஷ் மைக்கில் அறிவித்தார்.

சித்தர் கத்தரிக்கோலை எடுக்கப் போனபோது, கோகிலவாணி டியூட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "சாமி, அதுக்கு முன்னாடி நம்ம மெஷினப் பாத்துடுங்க. டியூட்டிக்குப் போகணும்."

பழம் வைத்தார். கண்ணை மூடினார். உடுக்கை அடித்தார். உடம்பு குலுங்கியது.

"மோகினிதான்! பிரஷ்ஷ இறுக்கிக் கட்டிப் புடிச்சிருக்கா!"

"எந்தப் பக்கம் சாமி?"

"ரெண்டு முனையிலயும்! முடியால சுத்திப் புடிச்சிருக்கா!"

"பிரஷ் எப்படி இருக்கு?"

"துடிக்குது. அழுவுது. காப்பாத்துன்னு கெஞ்சுது."

"நல்லாத் தெரியுதா சாமி? துணி மறைக்குதே."

"ஞானக்கண்ணுக்குத் துணி மறைக்குமா?"

"அப்போ மைக்ல ஒரு தடவ சொல்லிடுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

சித்தர் மைக்கில் சொன்னார். பிரஷ் அழுவதை ஹாலே கேட்டு உச்சுக் கொட்டியது. கோகிலவாணி துணியைப் பிரித்தாள். "ஐயோ, பிரிக்காத!" என்று நாகராஜ் அலறினான். அவள் மெஷினைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினாள்.

பிரஷ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வெறும் பள்ளம்.

"பிரஷ்ஷக் காணோமே!" என்றார் மாலதி.

"முழுங்கிட்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சித்தர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "ஆமா! முழுங்கிட்டா! இந்த நிமிஷம்தான் முழுங்கினா!"

கூட்டம் பேராச்சியைப் பார்த்து இரண்டடி பின்வாங்கியது. பேய் பிரஷ் தின்னும் என்று நம்புவதற்கு இவர்களுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

கோகிலவாணி பைக்குள் கையை விட்டு பிரஷ்ஷை வெளியே எடுத்தாள். "காலைலயே நான் கழட்டிப் பையில போட்டுட்டேன். அழுத பிரஷ் இதுதான். என் டிபன் டப்பா பக்கத்துல சும்மாதான் கெடந்துச்சு."

முதலில் சிரித்தது வாட்ச்மேன் சாய்நாத். பிறகு ஹாலே சிரித்தது. சித்தர் சிரிக்கவில்லை.

பேராச்சிக்காக வைத்திருந்த கத்தரிக்கோலை கோகிலவாணி எடுத்தாள். பிரஷ்ஷின் முனையில் கெட்டியாகச் சுற்றியிருந்ததை வெட்டிப் பிரித்தாள். "முடி என்னோடது. மருதாணி போட்ட செம்பட்ட முடி, பாத்துக்குங்க. அதுக்கு அடியில இது யாரோடது?"

சிவப்பும் கறுப்பும் முறுக்கிய கயிறு வந்தது. நுனியில் செம்புத் தாயத்து.

"இவர் கட்டின கயிறு பிரஷ்ல சிக்கும், பிரஷ் நிக்கும், மறுபடி இவர்கிட்டயே ஓடுவீங்க. உங்க மெஷினயும் திருப்பிப் பாருங்க!"

ஹாலில் சிவப்புத் துணிகள் பறந்தன. கயிறு கட்டிய மெஷின் ஒவ்வொன்றிலும் அதே கயிறு, அதே தாயத்து. மாலதி இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கோகிலவாணி பிரஷ்ஷைத் திரும்ப மாட்டி, பட்டனைத் தட்டினாள். மெஷின் கிர்ரென்று கிளம்பி, சித்தரின் காலடியில் கிடந்த பூவை எல்லாம் வாரிக்கொண்டு போனது.

சித்தர் நழுவப் பார்த்தார். வெங்கடேஷ் கையைப் பிடித்ததும் பொங்கிவிட்டார். "நான் குர்லாவுல மிக்ஸி, வாஷிங் மெஷின் ரிப்பேர் கட வச்சிருந்தவன்யா. இதே சிக்க எடுத்துக் குடுத்தா, 'இதுக்குப் போயி காசா'ன்னு சண்ட போட்டீங்க. காவியக் கட்டி மோகினின்னு சொன்னேன், கால்ல விழுந்தீங்க. என்னைய மட்டும் சொல்ல வந்துட்டீங்க!"

அயோக்கியன் வாயிலும் சில நேரம் உண்மை வந்துவிடுகிறது. ஆனால் அவன் அப்போதும் பேராச்சி பக்கம் திரும்பவில்லை. மெஷினை நிறுத்தியதைக்கூட மன்னிக்கலாம். ஒரு மனுஷியைச் சொந்தத் தெருவிலேயே தலைகுனிய வைத்தவனை நான் மன்னிக்க மாட்டேன். இந்த மாதிரி ஆட்களுக்கென்றே மகாராஷ்டிராவில் சட்டம் இருக்கிறது. கோகிலவாணி போலீஸுக்குப் போன் செய்தாள்.

பிறகு ஹாலில் ஒரே ஒப்பாரி. பணம் போச்சே, துணிக்குக் கொடுத்தது போச்சே, கயிற்றுக்குக் கொடுத்தது போச்சே! மணைப் பலகையில் உட்கார்ந்திருந்தவரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நாகராஜ் மெதுவாக என் காதருகே வந்து, "இவன் டூப்ளிகேட் சார். ஒரிஜினல் சித்தர் முலுண்டுல இருக்காராம்" என்றான். நல்ல வேளை, கோகிலவாணிக்கு அது கேட்கவில்லை.

வெங்கடேஷ் மொபைலைத் தட்டிக்கொண்டே, "பாஸ் ஆன் பண்ணிட்டேன், பேராச்சி. நாளைக்கு வந்துடுங்க" என்றார்.

பேராச்சி எழுந்தார். "மைக்குல சொல்லுங்க."

"என்னன்னு?"

"மைக்குல தான சூனியக்காரின்னீக?"

வெங்கடேஷ் மைக்கைக் கையில் எடுத்தார். "பேராச்சி சூனியம் எதுவும் வைக்கல. அந்தாளு பொய் சொல்லிட்டான்."

"அவன் சொன்னான், சரி. நம்புனது யாரு?"



"நாங்க" என்றார் வெங்கடேஷ்.

பேராச்சி கூந்தலைத் தட்டிச் சுருட்டிக் கொண்டை போட்டார். "கூலியக் கூட்டிக் குடுக்கவங்க வீட்டுக்கு மொதல்ல வாரேன். மத்தவங்க மெஷின வச்சுப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, கோகிலவாணியின் கையை ஒரு தடவை பிடித்து விட்டுவிட்டு நடந்தார்.

மெஷின் வைத்திருக்கும் கனவான்களே, சீமாட்டிகளே! அது நின்றுபோனால் குப்புறப் போட்டுப் பாருங்கள். அதற்கு ஞானக்கண் வேண்டாம், முகத்தில் இருக்கிற இரண்டு கண் போதும். அதுவும் முடியாது என்றால், மெஷினை மூலையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்து நீங்களே குனிந்து கூட்டுங்கள். குனிந்தால் கொஞ்சம் ரத்தமாவது மூளைக்குப் போகும்.