பொழுது படாத ஊரில் பிள்ளை பெறுவது

அன்புள்ள றிஸானா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வட நோர்வேக் குளிரில் நீங்களும் மச்சானும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலமாயிருக்க துஆச் செய்துகொண்டு, பள்ளிவாசல்துறையிலிருந்து தங்கை முஃபீதா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உம்மாவும் சுகம்தான், ஆனால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

தலைப்பிள்ளை பெற இங்கே வரமாட்டேன் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து உம்மா உங்கள் பெயரைச் சொல்வதில்லை, "நோர்வேக்காரி" என்கிறார், உங்கள் போனையும் எடுப்பதில்லை. இதற்குள் மச்சான் வாய் தவறி, ஜூன் மாதம் அங்கே பொழுதே படாது என்று சொல்லிவிட்டார். பொழுது பட்டு மஃரிப் வந்தால்தானே நமக்கு அடுத்த நாள் பிறக்கும்? உம்மா பாயிலிருந்து எழும்பிவிட்டார். "பொழுது படாட்டி ஏழாம் நாள் எப்பிடி வரும் புள்ள? முடி எறக்கிறது எப்ப, பேர் வெக்கிறது எப்ப? நாப்பது நாளும் முடியாம அவள் காலம்பூரா அறைக்குள்ளயா கெடக்கிற?"

எனக்கும் பயம் பிடித்து உப்பளத்துக்குப் போனேன். அங்கே பறவை எண்ண வந்திருக்கும் சப்னா மிஸ்ஸிடம் கேட்கலாமென்று போய், அவருக்குப் பின்னால் இரண்டு நாள் தயங்கி நின்றேன். மூன்றாம் நாள் அவர் திரும்பி, "என்ன தங்கச்சி, உங்களையும் சேத்து எண்ணவா?" என்று கேட்டுத் தொலைநோக்கியைத் தந்தார். ஏழாம் நாளைப் பற்றிக் கேட்டேன். "அங்க மணிக்கூடு இருக்குந்தானே" என்றார். எனக்கு அது தோன்றவேயில்லை.

தொலைநோக்கிக்குள் சின்னச் சின்ன உள்ளான் குருவிகள், நெஞ்சு சிவந்து, கொழுத்து. இனி அவை உங்கள் ஊரைப் போன்ற வடதேசத்துக்குப் பறக்குமாம், முட்டையிட. பனி உருகிய தரையில் ஒரு குழி, நாலு முட்டை, கூர்முனைகள் நடுவில் சேர. ஆணும் அடைகாக்கும், மச்சானுக்கு இந்த வரியை வாசித்துக் காட்டவும். குஞ்சு பொரித்து ஒரு நாளுக்குள் ஓடித் தானே இரை தேடும், வெளிச்சம் அணையாததால் தின்ன நேரமும் அதிகம், தின்ன நுளம்புப் பூச்சியும் அதிகம். பார்த்துக்கொண்டே நின்றேன் ராத்தா. உப்பெல்லாம் என் கண்ணுக்குள் பனியாகி, முடியாத ஒரு பகலில் நீங்கள் பிள்ளையை மடியில் வைத்திருந்தீர்கள். மிஸ் இரண்டு தரம் கூப்பிட்டாராம்.

வீட்டுக்கு ஓடிவந்து உம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "அந்தக் குருவி எங்க பொறந்த?" என்று கேட்டார்.

"அங்கதான் உம்மா, வடக்குல."

"அப்ப தாய் வீட்டுக்குத்தானே போகுது! குருவிக்கு இருக்கிற புத்தி நோர்வேக்காரிக்கு இல்ல!"

தோற்றுவிட்டேன். உம்மா அங்கே வரப்போவதுமில்லை, சிலாபம் போகும் பஸ்ஸிலேயே பயத்தில் கண்ணை மூடிக்கொள்பவர். நீங்கள் மச்சானை நம்பித் தைரியமாயிருங்கள். அல்லாஹ் உங்களுக்குச் சுகப் பிரசவத்தைத் தருவான்.

துஆவுடன்,
முஃபீதா

பி.கு: இந்தக் கடிதத்தை உம்மா வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். பாயை உதறிச் சுருட்டிக்கொண்டே, "தாய் வீடெண்டா என்ன, கல்லும் சுவருமா? தாய் இருக்கிற எடந்தானே" என்றார். இன்று எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் படம் எடுத்தாயிற்று. விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப மச்சானுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரியக் கூடாதாம். கதவைத் திறக்கும்போது திடுக்கிடுங்கள் ராத்தா, இல்லாவிட்டால் நான் மாட்டிக்கொள்வேன். ஆனால் மெதுவாகத் திடுக்கிடுங்கள், பிள்ளை வயிற்றில்.