பிறேக் இல்லாமல் ஒரு நேர்முகப் பரீட்சை

கதிரையில் இருந்து படித்த எந்தப் பாடமும் என் மண்டையில் ஒரு பொழுதுகூடத் தங்கியதில்லை. இப்போது இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் பத்தொன்பது வயதில், எஸ்.எஸ்.சி. சோதனையில் இரண்டாம் தடவையும் கோட்டைவிட்டு நின்றபோது (அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை, செத்தவீடு மாதிரி), இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

பாடம் எனக்கு ஏறுவதெல்லாம் சைக்கிள் ஓடும்போதுதான். புத்தகத்தை விரித்து, பழைய ரியூப்பில் அறுத்தெடுத்த வாரால் ஹாண்டிலோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டில் ஏறினேன் என்றால் போதும். ஆறுகள், குளங்கள், நெல்லுக்கு வரும் நோய்கள், முக்கோணம், நாற்கோணம் எல்லாம் மளமளவென்று உள்ளே போகும். கால் மிதிக்க மிதிக்க வாய் ஒப்புவிக்கும். இறங்கினால் போச்சு. சோதனை மண்டபத்தில் போட்டிருந்த மேசை கதிரைக்குச் சைக்கிள் மாதிரிச் சில்லு இல்லை என்பதை அரசாங்கம் எனக்கு எதிராகச் செய்த சதி என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

சைக்கிள் என்றால் அப்படி ஒரு விசர். கூட்டாளி சவிரிமுத்துவுக்கும் அதே விசர். அவன் முல்லைத்தீவுக் கடற்கரைப் பொடியன். விடியப்புறம் மீன்பெட்டியைச் சைக்கிளில் கட்டினான் என்றால், வெயில் ஏறும் முன்பு எங்கள் குடியேற்றத்துக்கு வந்துவிடுவான். மீன் நாறும் முன்பு ஓடிச் சேரவேண்டும் என்பதால் அவனுக்கு வேகமும் தொழிலும் ஒன்றுதான். ஆனால் பெட்டி கட்டக் கரியர் வேண்டும், சனத்தைக் கூப்பிட ஹோர்ன் வேண்டும், ஒன்றையும் கழற்ற முடியாது. அந்தக் கவலையை அவன் என் சைக்கிளில் தீர்த்துக்கொண்டான்.

"மச்சான், பாரம் குறைஞ்சால்தான் பறக்கலாம்" என்பான். முதலில் கரியர் போனது. பிறகு மட்காட் இரண்டும். பிறகு பெல், செயின் மறைப்பு, லாம்பு. கடைசியாகக் கழற்ற ஒன்றுமில்லாமல் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் பிறேக்கைக் கழற்றினோம். நிற்பாட்ட வேண்டுமானால் வெறுங்காலை முன் ரயரில் வைத்து அழுத்துவேன். என் வலது பாதம் அந்தக் காலத்தில் மாட்டுத்தோல் மாதிரி இருக்கும்.

இரண்டாம் தடவை தவறியதும் ஐயா தீர்ப்புச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணி போதாமல் வன்னிக்கு வந்து, காடு வெட்டி வயல் செய்த மனிதர். வளவளவென்று கதைக்கமாட்டார்.

"மாதம் பிறக்க நீ தெற்குக்குப் போறாய். பெரியப்பாவின்ரை சுருட்டுக்கடையிலை இருந்து யாவாரத்தைப் பழகு. உந்தச் சைக்கிளை நான் ஆருக்கும் குடுத்துவிடுறன்."

பெரியப்பாவின் கடையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். இருந்து சுருட்டு விற்க ஒரு பலகை வாங்கு. காலையில் சம்மணம் கொட்டி அதில் ஏறினால் சாப்பிடவும் குளிக்கவும் மட்டும் இறங்கலாம். இருபது வருடம் அதில் இருந்த என் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு நடையே மறந்துபோயிருந்தது (நான் மிகைப்படுத்தவில்லை, கொஞ்சம்தான்). அந்த வாங்கை நினைத்து நான் இரண்டு இரவு அழுதேன்.

அப்போதுதான் அந்த வேலை விளம்பரம் வந்தது. வாய்க்கால் மேற்பார்வையாளர். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், அவர்கள் பாவம். ஒவ்வொரு நாளும் வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் போய், தண்ணீர் விடும் துருசுக் கதவு ஒழுங்காகத் திறந்திருக்கிறதா, எந்த மகராசன் வரம்பை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினான் என்று பார்த்து எழுதவேண்டும். நாள் முழுக்கச் சைக்கிள் ஓட அரசாங்கம் சம்பளம் தரும்! கடவுள் எனக்கென்றே உண்டாக்கிய உத்தியோகம். "நல்ல நிலையிலுள்ள சொந்தச் சைக்கிள் வைத்திருத்தல் வேண்டும்" என்ற வரிக்கு நேரே கையெழுத்து வைத்தேன். உலகத்திலேயே நல்ல நிலையிலுள்ள சைக்கிள் என்னுடையது என்றுதான் மனதார நம்பினேன்.

மாங்குளத்துக்கு, சைக்கிளோடு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஐயா வாசித்துவிட்டு, "இதுவும் சரிவராட்டி ரெயில்தான்" என்றார்.

அக்கா என் ஒரே நீளக் காற்சட்டையை மடிப்புக் குலையாமல் அழுத்தித் தந்தாள். சவிரிமுத்து தன் சப்பாத்தைக் கொண்டுவந்தான்.

"மாதா கோயில் பூசைக்குப் போடுற சப்பாத்து மச்சான். கவனம். இதைப் போட்டுக்கொண்டு நான் வேகமாக்கூட நடக்கிறேல்லை."

அவன் சொன்னதை அப்படியே கேட்டேன். சப்பாத்து நாடாவை ஒன்றோடொன்று முடிந்து ஹாண்டிலில் தொங்கவிட்டு, பதினைந்து மைலும் வெறுங்காலோடு கண்டி றோட்டில் ஓடினேன். வழி முழுக்கப் படித்ததை ஒப்புவித்தேன். ஒன்றும் பிசகவில்லை. மாங்குளத்தில் ஒரு கடைக் கிணற்றில் காலைக் கழுவிச் சப்பாத்தை மாட்டினேன். அந்தத் தோல் அடி பளிங்கு மாதிரி வழுக்கியதைக் கவனித்தேன். அதைப்பற்றி யோசிக்கவில்லை.

அலுவலகம் பள்ளத்தில் இருந்தது. படலையடியில் மேடு, அங்கே ஒரு பெரிய பாலைமரம். மரத்தைச் சுற்றி வரும் பாதை சரிந்து இறங்கி அலுவலக வாசலைத் தொட்டு, மறுபடி மேட்டுக்கு ஏறும். (வன்னியில் ஏது மேடும் பள்ளமும் என்று கேட்பீர்கள். பிறேக் இல்லாதவனைக் கேளுங்கள், சொல்லுவான்.) சைக்கிளைப் பவ்வியமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தினேன்.

உள்ளே நீள மேசை. அந்தப் பக்கம் இஞ்சினியர்: கண்ணாடி, கழுத்துப்பட்டி, சிரித்துப் பழக்கமில்லாத முகம். அவருக்குப் பக்கத்தில் வயதான கிளாக்கர், வாய் நிறைய வெற்றிலை. இந்தப் பக்கம் எனக்கென்று ஒரு கதிரை.

"இரும்" என்றார் இஞ்சினியர்.

இருந்தேன். அந்த நொடியே தலை வெறுமையாகிவிட்டது.

"இரணைமடுக் குளத்துக்கு எந்த ஆத்துத் தண்ணி வருது?"

பத்து வருடமாக நான் குளித்த தண்ணீர். பெயர் வரவில்லை. நான் கூரையைப் பார்த்தேன். இஞ்சினியர் என்னைப் பார்த்தார். பலகை வாங்கு கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போதுதான் என் கால்கள், என்னைக் கேளாமலே, மேசைக்குக் கீழே மிதிக்கத் தொடங்கின. வலது, இடது, வலது, இடது. 'க' என்ற எழுத்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது! இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்தேன். சவிரிமுத்துவின் பூசைச் சப்பாத்து இஞ்சினியரின் முழங்காலுக்குக் கீழே நங்கென்று விழுந்தது.

அவர் திரும்பிக் கிளாக்கரை முறைத்தார்.

"ஐயோ, நானில்லை சேர்!" என்று கிளாக்கர் பதறிக் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். "தம்பி, உமக்குக் காலிலை என்ன வருத்தம்?"

இனி மறைத்து என்ன? உண்மையைக் கக்கினேன். "வருத்தமில்லை ஐயா. நான் எல்லாம் சைக்கிள் ஓடிக்கொண்டு படிச்சனான். இருந்தால் ஒண்டும் வராது."

இஞ்சினியர் காலைத் தடவிக்கொண்டு கோப்பை மூடப் போனார். கிளாக்கர்தான் தடுத்தார். "சேர், வேலையும் ஓடுற வேலைதானே. ஓடிக்கொண்டு சொல்லட்டுமன்." (அந்த மனிதர் இருக்கும் திசைக்கு நான் இன்றும் கும்பிடுவேன்.)

வெளியே வந்தோம். இருவரும் வாசலில் நின்றார்கள். நான் ஏறி மிதித்தேன். பாலைமரத்தைச் சுற்றமுதலே தலைக்குள் விளக்குப் பற்றிக்கொண்டது.

"கனகராயன் ஆறு, சேர்!"

இஞ்சினியர் நிமிர்ந்தார். காலபோக விதைப்பு எப்போது, சிறுபோக விதைப்பு எப்போது, துருசு எதற்கு, மிஞ்சிய தண்ணீர் வழியும் வான் எதற்கு என்று கேட்கக் கேட்க, ஒவ்வொரு சுற்றிலும் பதிலை வீசிக்கொண்டு போனேன். கிளாக்கர் கை தட்டினார். வேலை கிடைத்த மாதிரித்தான். என்னை நானே மெச்சிக்கொண்டு மேட்டிலிருந்து காற்றாய் இறங்கியபோது இஞ்சினியர் சொன்னார்:

"போதும், காணும். இறங்கும்."

வலது காலை முன் ரயரில் வைத்தேன். பாதம் இல்லை, சப்பாத்து. வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். இன்னும் வழுக்கியது. அவருடைய மூக்குக்கு முன்னால் பறந்து, மறுபடி மேட்டில் ஏறினேன்.

மேட்டில் நின்றிருக்கலாம், சைக்கிள் தானாகவே நிற்கும். ஆனால் அங்கே நின்றால் "ஏன் சொன்ன இடத்திலை நிக்கேல்லை?" என்று கேட்பார். பிறேக் இல்லாதது தெரிந்துவிடும். நல்ல நிலையிலுள்ள சைக்கிள் என்று கையெழுத்து வைத்தவன் நான். ஆகவே இன்னொரு சுற்று வந்து வாசலில் கௌரவமாக நிற்பது என்று முடிவெடுத்தேன். புத்தி போகும் போக்கைப் பாருங்கள். சரிவில் மறுபடி அதே வேகம், அதே சப்பாத்து, அதே வழுக்கல். நிற்கவில்லையே என்று யாரும் யோசிக்காதிருக்க, கேளாத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"நெல்லுக்கு வாற நோய் எரிபந்தம், சேர்!"

"கேக்கேல்லை. இறங்கும்!"

அடுத்த சுற்று: "இலங்கையிலை நீளமான ஆறு மகாவலி, சேர்!"

"இறங்கச் சொல்லுறன்!"

அதற்கடுத்த சுற்று: "முக்கோணத்தின்ரை மூண்டு கோணமும் சேந்தால் நூற்றெண்பது பாகை, சேர்!"

கிளாக்கருக்கு விளங்கிவிட்டது. "சேர், பொடியனுக்குப் பிறேக் இல்லை, விலகுங்கோ!" என்று கத்தினார். இஞ்சினியருக்கு அது கேட்கவில்லை. கோபத்தில் பாதையின் நடுவே வந்து, பொலிஸ்காரர் மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் ஹாண்டிலை ஒரு பக்கமாக வெட்டித் திருப்பினேன். அவரும் நான் வெட்டிய பக்கமே பாய்ந்தார். பிறகு நடந்ததை அக்கா தான் நேரில் பார்த்த மாதிரிச் சொல்லுவாள் (அவள் அன்றைக்கு வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள்). உண்மை இவ்வளவுதான்: இஞ்சினியர் என் சைக்கிள் பாரில், புதுப்பெண் மாதிரி ஒருபக்கமாக இருந்தார். இருவரும் அப்படியே பத்து யார் தூரம் போனோம். கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஆற்றுமணல் கும்பியில் மூன்று பேராக விழுந்தோம். மூன்றாவது ஆள் சைக்கிள்.

யாருக்கும் காயமில்லை. ஆனால் என் வாழ்க்கையின் பெரிய பிழையை நான் செய்தது அதற்குப் பிறகுதான். மணலுக்குள் இடுப்பளவு புதைந்து கிடந்த இஞ்சினியர், தூக்கிவிடச் சொல்லி என்னை நோக்கிக் கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய்ச் சைக்கிளைத் தூக்கினேன். மணலைத் தட்டினேன். முன் சில்லைச் சுழற்றி வளைவு பார்த்தேன். செயினுக்குள் போன மணலை ஊதினேன். அதன் பிறகுதான் திரும்பினேன். அதற்குள் கிளாக்கர் அவரைத் தூக்கி நிமிர்த்தியிருந்தார்.

"பிறேக் எங்கை?" என்றார் இஞ்சினியர்.

"வீட்டை கிடக்கு, சேர். பாரம் எண்டு கழட்டினனான்."

கழுத்துப்பட்டியிலிருந்த மணலை உதறினார். "போம்" என்றார். அந்த ஒரு சொல்தான்.

வீட்டில் "நல்லாச் செய்தனான்" என்று பொய் சொன்னேன். அடி கிழிந்து வாயைப் பிளந்த சப்பாத்தைப் பார்த்துச் சவிரிமுத்து ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அம்மா பயணத்துக்குப் பலகாரம் சுட்டாள். ஐயா தன் பழைய தகரப்பெட்டியைத் துடைத்து வைத்தார். கடைசி மூன்று நாளும் நான் சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை. இனிக் கிடைக்காதே என்ற துக்கம்.

மாதம் பிறக்க இரண்டு நாள் இருக்கக் கடிதம் வந்தது. ஐயா உரத்து வாசித்தார். என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். பிறேக் இரண்டும், மட்காட், பெல், கரியர் ஆகியன பூட்டிய சைக்கிளுடன் கடமைக்குச் சமுகமளிக்கவும். நான் முற்றத்து மண்ணில் பொத்தென்று இருந்து, சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். பெட்டியை ஐயா தன் கையாலேயே பரணில் ஏற்றினார். ஏற்றிவிட்டு, "அதுசரி, பிறேக்கைப் பற்றி ஏன் எழுதியிருக்கினம்?" என்று கேட்டார். சொன்னேன். ஐயா வயிறு நோகச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்டேன்.

எப்படிக் கிடைத்தது என்று வேலைக்குப் போனபின் கிளாக்கர்தான் சொன்னார்.

"உமக்கு முதல் நாலு பேர் வந்தவை. நாலு பேரும் பஸ்ஸிலை வந்து இறங்கி, சந்தியிலை ஒரு பச்சைச் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, ஆளுக்காள் மாத்தித் தள்ளிக்கொண்டு வந்து காட்டினவை. இஞ்சினியர் ஒரே சைக்கிளை நாலு தரம் பாத்தவர். நீர் தன்னைத் தூக்காமல் சைக்கிளைத் தூக்கினதைப் பாத்த மனிசன், நீர் போனபிறகு என்ன சொன்னார் தெரியுமே? 'உவன்ரை சைக்கிள்தான் சொந்தச் சைக்கிள். எழுதும்' எண்டார்."

அதன்பின் முப்பது வருடத்துக்கு மேல் வாய்க்கால் ஓரமெல்லாம் ஓடினேன், பிறேக்கோடு. கலியாணம் கட்டிய புதிதில் ஒருநாள் மனைவியைக் கரியரில் ஏற்றிக்கொண்டு போனபோது, வரம்பில் மாடு குறுக்கிட்டு இருவரும் வாய்க்காலுக்குள் விழுந்தோம். முழங்கால் தண்ணீரில் இருந்தபடி அவள் கையை நீட்டினாள். நான் முதலில் எதைத் தூக்கினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதவும் தேவையில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி ஆறமுதலே அவளே சொல்லிவிடுவாள்:

"எனக்குக் கோவமில்லை. இஞ்சினியரையே தூக்காத மனிசன், சம்பளம் தராத என்னைத் தூக்குவாரோ?"